கொதிக்கிற தண்ணிக்குள்ள கிளைக்கோஜன்: ஆர்க்கியா ஜீன்களோட பேரை மட்டும் பாத்து ஏன் நம்பக்கூடாது

"ஜீனோமை முழுசா படிச்சாச்சு"ன்னு ஒரு செய்தி வந்தா, அந்த உயிரி எதைத் திங்குது, எதைச் சேத்து வைக்குது, எல்லாம் தெரிஞ்சு போச்சுன்னுதான் நிறைய பேர் எடுத்துக்கறாங்க. நிஜத்துல அப்படி இல்ல. ஜப்பானோட ககோஷிமா பக்கம் கொடகாரான்னு ஒரு குட்டித் தீவு இருக்கு, அங்க வெந்நீர் ஊத்துல கிடைச்ச தெர்மோகாக்கஸ் கொடகாரென்சிஸ்ங்குற ஆர்க்கியாவோட (பாக்டீரியா மாதிரித் தெரியுற, ஆனா தனி வகை நுண்ணுயிரி) ஜீனோம் 2005ல வெளியாச்சு. அதுல மொத்தம் 2306 ஜீன். அதுல 1165க்குத்தான் அப்போ ஏதாவது வேலை சொல்ல முடிஞ்சது. மிச்சம் கிட்டத்தட்ட பாதி, எழுத்தைப் படிக்க முடியுது ஆனா அர்த்தம் புரியல. சரி, வேலை சொன்ன பாதியாவது சரியான்னு கேட்டா, அங்கயும் சில இடத்துல தப்பாப் பேர் விழுந்திருக்கு.

இது எவ்வளவு தூரம் போகும்னு பாக்க நல்ல உதாரணம் கிளைக்கோஜன். ஸ்கூல்ல கல்லீரல், தசைன்னு படிச்ச அதே கிளைக்கோஜன்தான். அது 85 டிகிரி, 100 டிகிரி சூட்டுல வாழுற உயிரிகள் கிட்டயும் இருக்கு. ஆனா அதைச் செய்யுற ஜீன்கள்னு பாத்தா நம்ம கிட்ட இருக்குற மாதிரியே இல்ல, பாக்டீரியா கிட்ட இருக்குற மாதிரியும் முழுசா இல்ல.

கிளைக்கோஜன்னா என்ன, அதுக்கு என்னென்ன வேலை நடக்கணும்

குளுக்கோஸை ஒண்ணோட ஒண்ணு கோத்து மாலை மாதிரி ஆக்கி, அந்த மாலையில அங்கங்க கிளை விட்டா அதுதான் கிளைக்கோஜன். தனித்தனி குளுக்கோஸா செல்லுக்குள்ள வச்சிருந்தா தண்ணிய இழுத்துக்கிட்டு செல் ஊதிடும், மாலையாக் கோத்துட்டா ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் ஒரே மூலக்கூறா அடங்கிடும், தண்ணிப் பிரச்சனை போயிடும். எந்த உயிரியா இருந்தாலும் இதுக்கு நாலு வேலை நடந்தாகணும்.

1. குளுக்கோஸுக்கு "கைப்பிடி" மாட்டுறது. சும்மா குளுக்கோஸை மாலையில சேக்க முடியாது, ஒரு நியூக்ளியோடைடை (டிஎன்ஏ, ஆர்என்ஏவோட செங்கல் மாதிரியான மூலக்கூறு) ஒட்டி அதை உசுப்பி விடணும். நம்ம செல்லுல யூரிடின் ரகக் கைப்பிடி, பாக்டீரியாவுல பெரும்பாலும் அடினோசின் ரகக் கைப்பிடி.

2. மாலையை நீட்டுறது. இதைச் செய்யுற என்சைம் கிளைக்கோஜன் சிந்தேஸ்.

3. கிளை விடுறது. நீண்ட மாலையில ஒரு துண்டை வெட்டி அதையே பக்கவாட்டுல ஒட்டுற வேலை. இது பிராஞ்சிங் என்சைம்.

4. தேவைப்படும்போது உடைக்கிறது. நுனியில இருந்து ஒவ்வொண்ணா எடுக்க பாஸ்போரிலேஸ், கிளை இருக்குற முட்டுல வெட்ட டீபிராஞ்சிங் என்சைம்.

ஈ.கோலை பாக்டீரியாவுல இந்த ஜீன்கள் எல்லாம் வரிசையா பக்கத்துப் பக்கத்துல இருக்கும், கண்டுபிடிக்க லேசு. மனுஷன்ல சிதறிக் கிடக்கும், ஆனா ஒவ்வொண்ணு கெட்டாலும் ஒரு வியாதி வர்றதால டாக்டர்கள் ஒவ்வொண்ணா அடையாளம் கண்டுட்டாங்க. தசை பாஸ்போரிலேஸ் கெட்டா மக்ஆர்டில் நோய், பிராஞ்சிங் என்சைம் கெட்டா ஆண்டர்சன் நோய், இப்படி. ஆர்க்கியாவுக்கு டாக்டரும் இல்ல, வியாதி லிஸ்ட்டும் இல்ல. அதனாலதான் இவ்வளவு குழப்பம்.

ஆர்க்கியா யாரு

பாக்க பாக்டீரியா மாதிரிதான் இருக்கும், செல்லுக்குள்ள உட்கருவும் கிடையாது. ஆனா 1977ல கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் (செல்லுல புரதம் செய்யுற இயந்திரம்) ஆர்என்ஏவை ஒப்பிட்டுப் பாத்து, இது பாக்டீரியாவே இல்ல, தனிக் கிளைன்னு சொன்னாங்க. எல்லா ஆர்க்கியாவும் சூட்டுல வாழுறதில்ல, ஆனா நாம பேசுறது சூடு பிரியர்களைப் பத்தி மட்டும்.

இந்தக் கதையில அடிக்கடி வர்ற ஆளுங்க மூணு பேர். பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ், இத்தாலியில சிசிலிக்கு வடக்கே இருக்குற வல்கானோ தீவோட கடலோரச் சூட்டு மண்ணுல இருந்து ஃபியாலாவும் ஸ்டெட்டரும் எடுத்து 1986ல விவரிச்சது, 100 டிகிரியிலதான் அதுக்குக் கொண்டாட்டம். அடுத்தது மேல சொன்ன தெர்மோகாக்கஸ், 85 டிகிரி. மூணாவது சல்ஃபோலோபஸ், அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் வெந்நீர்ல இருந்து தாமஸ் பிராக் குழு எடுத்து 1972ல பேர் வச்சது, இது 75 - 80 டிகிரியோட சேத்து எலுமிச்சைச் சாறு அளவுக்கு அமிலத்துலயும் வாழும். பிசிஆர் டெஸ்ட்னு கோவிட் நேரத்துல எல்லாரும் கேட்டிருப்பீங்க, லேப்கள்ல பிசிஆருக்குத் தப்பில்லாம டிஎன்ஏ காப்பி எடுக்க வாங்குற ரெண்டு பிரபல என்சைம் முதல் ரெண்டு ஆளுங்க கிட்ட இருந்து வந்ததுதான்.

இவங்க கிட்ட கிளைக்கோஜன் இருக்குன்னு 1982லயே தெரியும். ஜெர்மனியில கோனிக், ஜில்லிக் குழு சல்ஃபோலோபஸ், தெர்மோப்ரோட்டியஸ், டீசல்ஃபுரோகாக்கஸ், தெர்மோகாக்கஸ்னு நாலு பேரினத்துலயும் அதைக் காட்டினாங்க. ஆக பொருள் கையில இருக்கு, அதைச் செய்யுற ஜீன் எதுன்னுதான் பல வருஷம் தெரியல.

அந்தச் சூட்டுல சர்க்கரைக்கு என்ன ஆகும்

இதைக் கொஞ்சம் நிதானமாப் பாக்கணும், ஏன்னா மேல சொன்ன "தண்ணியை இழுக்கும்"ங்குற காரணம் நமக்குப் போதும், இவங்களுக்குப் போதாது.

தோசை ஓரம் ஏன் சிவக்குது? மாவுல இருக்குற சர்க்கரையோட ஒரு முனை, புரதத்துல இருக்குற அமினோ பகுதியோட சூட்டுல வினை புரியுது, அதான் நிறமும் வாசனையும். 1912ல மயார்ங்குற பிரெஞ்சு விஞ்ஞானி சொன்ன வினை. கல்லுல இது நல்ல விஷயம், செல்லுக்குள்ள நடந்தா புரதமெல்லாம் வீணாப் போயிடும். 100 டிகிரியில நாள் முழுக்க இருக்குற ஒரு செல், தனிக் குளுக்கோஸைக் குவிச்சு வச்சா தன்னையே மெதுவா வறுத்துக்கற மாதிரிதான். குளுக்கோஸுக்கு அப்படி வினை புரியுற முனை ஒண்ணு இருக்கு, ஆனா மாலையாக் கோக்கும்போது ஒவ்வொண்ணோட முனையும் அடுத்ததோட பிணைப்புல மாட்டிக்கும், கடைசியில ஆயிரக்கணக்கான குளுக்கோஸுக்குச் சேத்து ஒரே ஒரு முனைதான் வெளிய இருக்கும். கிளைக்கோஜன் இவங்களுக்கு சாப்பாட்டு மூட்டை மட்டும் இல்ல, ஆபத்தான பொருளைப் பத்திரமாப் பொதிஞ்சு வைக்கிற வழியும் கூடன்னு எனக்குத் தோணுது.

ரெண்டாவது ஆபத்து, குளுக்கோஸ் உடையும்போது நடுவுல வர்ற மூணு கார்பன் பொருட்கள். ட்ரையோஸ் பாஸ்பேட்னு சொல்லுவாங்க. அதுங்க 60 டிகிரியிலயே நிமிஷக் கணக்குல சிதைய ஆரம்பிச்சிடும், 100 டிகிரியில கேக்கவே வேண்டாம். அதனால வந்ததும் அடுத்த படிக்குத் தள்ளிடணும். 2010ல ஃப்ரைபர்க்ல சேயும் ஃபுக்ஸும் காட்டின விஷயம் இங்க முக்கியம்: பெரும்பாலான ஆர்க்கியாவுல, நம்ம கிட்ட ரெண்டு தனி என்சைம் செய்யுற வேலையை ஒரே என்சைம் செய்யுது, மூணு கார்பன் துண்டு ரெண்டைச் சேத்து, கையோட ஒரு பாஸ்பேட்டையும் பிடுங்கி, சூடு தாங்குற ஆறு கார்பன் சர்க்கரையா மாத்திடுது. திரும்பி வர முடியாத ஒருவழிப் பாதை. அந்த ஆறு கார்பன் சர்க்கரையில இருந்து கிளைக்கோஜன் சில படி தூரம்தான்.

இப்போ ஜீன்களுக்கு வருவோம்

சிந்தேஸ்: இதுல பெரிய சண்டை இல்ல. கிளைக்கோஜன் சிந்தேஸ்கள் ரெண்டு குடும்பம். விலங்கும் பூஞ்சையும் ஒரு குடும்பம், பாக்டீரியாவும் செடியும் இன்னொண்ணு. ஆர்க்கியாவோடது அமினோ அமில வரிசையைப் பாத்தா பாக்டீரியா குடும்பத்துல சேருது. ஆனா 2006ல பார்சிலோனா குழு ஒண்ணு, பைரோகாக்கஸ் அபிஸிங்குற உயிரியோட சிந்தேஸை எக்ஸ்ரேயில படம் பிடிச்சுது. இந்த உயிரி வட ஃபிஜி கடல்ல சுமார் 2000 மீட்டர் ஆழத்து வெந்நீர் வாயில கிடைச்சது. படத்துல பாத்தா நம்ம சிந்தேஸோட நடுப்பகுதியும் இதுவும் ஒரே அச்சு. நம்மளோடதுல ரெண்டு பக்கமும் வால் மாதிரி நீட்சி இருக்கு, இன்சுலின் கட்டளை எல்லாம் அந்த வால்ல பாஸ்பேட் ஏத்துறது இறக்குறது மூலமாத்தான் வேலை செய்யுது. ஆர்க்கியாவோடதுல அந்த வாலே இல்ல. வெறும் மோட்டார், ஸ்விட்ச் போர்டு கிடையாது.

சல்ஃபோலோபஸ்ல இந்த சிந்தேஸ் கிடைச்ச கதை இன்னும் நல்லா இருக்கும். சிலி நாட்டுக் குழு ஒண்ணு கிளைக்கோஜன் உருண்டையைப் பிரிச்சு எடுத்தப்போ, எவ்வளவு கழுவினாலும் போகாம அதோட ஒரு புரதம் ஒட்டிக்கிட்டே வந்துச்சு. அது என்னன்னு 2001ல பாத்தா சிந்தேஸேதான். கட்டுற கொத்தனார் கட்டடத்தை விட்டு இறங்கவே இல்லன்னு வச்சுக்குங்க.

பிராஞ்சிங் என்சைம்: இங்கதான் உண்மையான குழப்பம். மனுஷன், ஈ.கோலை, அரிசிச் செடி எல்லார்கிட்டயும் கிளை விடுற என்சைம் ஜிஹெச்13ங்குற ஒரே குடும்பம். ஜிஹெச்னா சர்க்கரைப் பிணைப்பை வெட்டுற என்சைம்களை வரிசை ஒற்றுமை வச்சுப் பிரிச்சு நம்பர் போட்ட பட்டியல். தெர்மோகாக்கஸ், பைரோகாக்கஸ் ஜீனோம்ல ஜிஹெச்13 பிராஞ்சிங் என்சைமைத் தேடினா கிடைக்கல. அப்போ கிளையே இல்லாத கிளைக்கோஜனா? இல்ல, கிளை இருக்கு. ஆக வேலை நடக்குது, ஆனா வேலைக்காரனைக் காணோம்.

இதுக்கு முன்கதை ஒண்ணு சொல்லணும். 1993ல பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ்ல ஒரு ஜீனை எடுத்து, இது அமைலேஸ், அதாவது மாவை வெட்டுற என்சைம்னு வெளியிட்டாங்க. வழக்கமான அமைலேஸ்களோட வரிசை ஒத்துப்போகல, அதனால 1996ல இந்த மாதிரி வித்தியாசமானதுக்குன்னே ஜிஹெச்57னு புதுக் குடும்பம் போட்டாங்க. அப்புறம் சோதிச்சுப் பாத்தா அந்த "அமைலேஸ்" முக்கியமாச் செய்யுறது வெட்டுறது இல்ல, ஒரு மாலைத் துண்டை எடுத்து இன்னொரு மாலையில சேக்குற வேலை. ஆனா பேர் ஒட்டிக்கிச்சு. அதை மாதிரி இருந்த ஜீன்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் அதே பேரைக் காப்பி பண்ணிப் போட்டுக்கிட்டே போச்சு. ஒரு தப்பு லேபிள் எத்தனை ஜீனோம்ல பரவும்னு யோசிச்சுப் பாருங்க.

2006ல ஜப்பான்ல முரகாமி குழு, தெர்மோகாக்கஸோட டிகே1436ங்குற ஒரு ஜிஹெச்57 ஜீனை எடுத்து, அந்தப் புரதத்தைச் செஞ்சு, மாவு மாலையோட கலந்து பாத்தாங்க. கிளை விட்டுச்சு. காணாமப் போன வேலைக்காரன் வேற சட்டை போட்டு நின்னுக்கிட்டிருந்தான், அவ்வளவுதான்.

ரெண்டு குடும்பமும் எவ்வளவு தூரத்து ஆளுங்கன்னா:

1. ஜிஹெச்13 புரதத்தோட நடு உருளை எட்டு மடிப்பு, ஜிஹெச்57ல ஏழு.

2. வெட்டுற இடத்துல ரெண்டு அமினோ அமிலம் ஜோடியா வேலை செய்யும். ஜிஹெச்13ல அஸ்பார்டிக் அமிலம் தாக்கும், குளுட்டாமிக் அமிலம் கை கொடுக்கும். ஜிஹெச்57ல குளுட்டாமிக் தாக்கும், அஸ்பார்டிக் கை கொடுக்கும். அப்படியே தலைகீழ்.

3. டிகே1436ல கடைசிப் பகுதியில ஹெலிக்ஸ்-ஹேர்பின்-ஹெலிக்ஸ்ங்குற வளைவு ரெண்டு இருக்கு, இது வழக்கமா டிஎன்ஏவைப் பிடிக்கிற புரதங்கள்ல பாக்குறது. அதை வெட்டி எறிஞ்சாலும் கிளை விடுற வேலை நடக்குது. சர்க்கரை என்சைம்ல டிஎன்ஏ பிடிக்கிற கொக்கிக்கு என்ன வேலைன்னு கேட்டா, எனக்கும் அது உறுத்தலாத்தான் இருக்கு.

ஒரே வேலைக்கு இப்படி ரெண்டு தடவை தனித்தனியா வழி கண்டுபிடிச்சிருந்தா, வரிசை ஒற்றுமையை மட்டும் வச்சுத் தேடுற எந்த சாஃப்ட்வேரும் இதைத் தவற விட்டிருக்கும். அதான் நடந்தது.

உடைக்கிற பக்கம்: சல்ஃபோலோபஸ்ல ட்ரெஇசட், ட்ரெஎக்ஸ், ட்ரெஒய்னு மூணு ஜீன் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ட்ரெஎக்ஸ் கிளையை வெட்டும், ட்ரெஒய் மாலையோட கடைசிப் பிணைப்பைத் திருப்பிப் போடும், ட்ரெஇசட் அந்த ரெண்டு குளுக்கோஸை ஜோடியா அறுத்து விடும். அந்த ஜோடிக்குப் பேர் ட்ரெஹலோஸ். இதுல ரெண்டு குளுக்கோஸும் முனையோட முனை ஒட்டிக்கிட்டதால வெளிய வினை புரியுற முனையே கிடையாது. தோசைக் கதையை ஞாபகம் வச்சுக்கிட்டா ஏன் இப்படி உடைக்குதுன்னு புரியும். பாக்டீரியாவுலயும் இந்த ட்ரெஒய், ட்ரெஇசட் ஜோடி என்சைம் உண்டு, ஜப்பான்ல ஹயாஷிபாரா கம்பெனி ஒரு மண் பாக்டீரியாவோட ஜோடியை வச்சுத்தான் 1990கள்ல மாவுல இருந்து ட்ரெஹலோஸை மலிவாத் தயாரிக்க ஆரம்பிச்சுது.

பைரோகாக்கஸ்ல வெளிய வந்த குளுக்கோஸுக்கு அடுத்து நடக்குறது விசித்திரம். நம்ம செல் குளுக்கோஸுல பாஸ்பேட் ஏத்த அடினோசின் ட்ரைபாஸ்பேட்டைச் செலவு பண்ணும், பைரோகாக்கஸ் அடினோசின் டைபாஸ்பேட்டைச் செலவு பண்ணும். தமிழ்ல சுருக்கி எழுதினா ரெண்டுமே ஏடிபின்னு ஒரே மாதிரி வந்துடும், அதான் முழுப்பேர். 1994ல இதைச் சொன்னப்போ ஆர்க்கியாவோட தனி விசித்திரம்னு நினைச்சாங்க, பத்து வருஷம் கழிச்சு எலிகிட்டயும் அதே சாயல் ஜீன் கிடைச்சது, மனுஷன்கிட்டயும் இருக்கு.

ஸ்விட்ச் எங்க இருக்கு

சிந்தேஸ்ல வால் இல்லன்னு சொன்னேன்ல, அப்போ எப்போ சேக்கணும் எப்போ உடைக்கணும்னு யார் முடிவு பண்றா? பெரிய அளவுல பாத்தா ஜீன் மட்டத்துல ஒரு ஸ்விட்ச் இருக்கு. தெர்மோகாக்கஸ்ல அதுக்குப் பேர் டிஜிஆர், பைரோகாக்கஸ்ல அதோட உடன்பிறப்பு டிஆர்எம்பிஎல்1. வேலை செய்யுற விதம் ரொம்ப நேர்த்தி:

1. சர்க்கரையை உடைக்கிற ஜீன், சர்க்கரையைக் கட்டுற ஜீன் ரெண்டு வகை முன்னாடியும் ஒரே மாதிரி டிஎன்ஏ வார்த்தை ஒண்ணு எழுதியிருக்கு. டிஜிஆர் அதுமேல உக்காரும்.

2. உடைக்கிற ஜீன்கள்ல அந்த வார்த்தை, ஜீனைப் படிக்கிற இயந்திரம் ஏறுற இடத்துக்கு அடுத்து இருக்கு. டிஜிஆர் உக்காந்தா வழி அடைச்சிடும், ஜீன் ஆஃப்.

3. கட்டுற ஜீன்கள்ல அதே வார்த்தை இயந்திரம் ஏறுற இடத்துக்கு முன்னாடி இருக்கு. டிஜிஆர் உக்காந்தா கை கொடுத்து ஏத்தி விடும், ஜீன் ஆன்.

4. வெளிய இருந்து மாவுச் சர்க்கரை, குறிப்பா மூணு குளுக்கோஸ் கோத்த மால்டோட்ரையோஸ் உள்ள வந்துட்டா, அது டிஜிஆர்ல ஒட்டிக்கும், டிஜிஆர் டிஎன்ஏவை விட்டு எழுந்திரிச்சிடும், எல்லாம் தலைகீழா மாறிடும்.

ஒரே புரதம், ஒரே வார்த்தை, எழுதின இடத்தை மாத்தி எதிரெதிர் ரெண்டு விளைவு. 2007ல கியோட்டோ குழு டிஜிஆர் ஜீனைச் செல்லுல இருந்து நீக்கி எடுத்துட்டுப் பாத்தாங்க, சர்க்கரை இருக்கும்போது செல் நல்லா வளந்துச்சு, சர்க்கரையைத் தானே கட்டிக்க வேண்டிய நிலைமையில தடுமாறிடுச்சு.

ஜீனை எடுக்குறதே ஏன் இவ்வளவு கஷ்டம்

"எடுத்துட்டுப் பாத்தாங்க"ன்னு ஒரு வரியில சொல்லிட்டேன், ஆனா இந்தச் சூட்டுல அது லேசில்ல. லேப்ல வழக்கமா அகார்ல செல்லை வளப்பாங்க, அகார் 85 டிகிரி வாக்குல உருகிடும், அதனால ஜெல்லன்னு வேற கோந்து. ஜீன் மாறின செல்லைப் பிரிக்க வழக்கமா ஆன்டிபயாடிக் போடுவாங்க, ஆனா நிறைய ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் குறி வச்சுச் செஞ்சது, ஆர்க்கியாவை ஒண்ணும் பண்ணாது. அப்போ உதவிக்கு வந்தது கொலஸ்டிராலுக்குப் போடுற சிம்வாஸ்டாடின் மாத்திரை மருந்து! நம்ம உடம்புல கொலஸ்டிரால் தயாரிக்கிற பாதையோட முன்பாதிதான் ஆர்க்கியாவோட செல் சவ்வுக் கொழுப்புக்கும் பாதை, அதனால அந்த மருந்து ஆர்க்கியாவோட வளர்ச்சியை நிறுத்திடும், எதிர்ப்பு ஜீன் கொடுத்த செல் மட்டும் பிழைக்கும். 2007ல தெர்மோகாக்கஸ்ல இதை வச்சுத்தான் மாவுச் சர்க்கரையை உள்ள இழுக்கிற பம்ப் ஜீன்களை நீக்கிக் காட்டினாங்க. பைரோகாக்கஸ்ல லேசா ஜீன் மாத்துற வழி 2011லதான் வந்துச்சு.

இதனால என்னென்ன மாறுது

முதல்ல, உயிரோட பழைய வரலாறு. சர்க்கரையை உடைக்கிற பாதை ஆர்க்கியாவுல ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கு. ஒருத்தர் அடினோசின் டைபாஸ்பேட்டைச் செலவு பண்றார், தெர்மோப்ரோட்டியஸ் பைரோபாஸ்பேட்டை (ரெண்டு பாஸ்பேட் ஒட்டினது) செலவு பண்றார். ஆனா கட்டுற பாதையில மேல சொன்ன ரெட்டை வேலை என்சைம் மட்டும் பெரும்பாலும் எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி. அதை வச்சு சேயும் ஃபுக்ஸும், முதல்ல வந்தது சர்க்கரையைக் கட்டுறதுதான், உடைக்கிறது அப்புறம்தான்னு வாதம் வச்சாங்க. யோசிச்சா நியாயமாத்தான் படுது, சேத்து வச்சாத்தானே எடுத்துத் திங்க முடியும்.

ரெண்டாவது, ஜீன்கள் வீடு மாறுது. பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ்லயும் தெர்மோகாக்கஸ் லிட்டோராலிஸ்லயும் மால்டோஸ், ட்ரெஹலோஸ் உள்ள இழுக்கிற பம்ப் ஜீன்கள் இருக்குற 16,000 எழுத்து நீளத் துண்டு ஒண்ணு கிட்டத்தட்ட அச்சு அசலா ஒண்ணா இருக்குன்னு 2000ல காட்டினாங்க. ரெண்டும் வேற வேற பேரினம், இவ்வளவு ஒத்துமை வர நியாயமே இல்ல. துண்டோட ஓரத்துல தாவுற ஜீன்களோட தடயம் இருக்கு, ரெண்டும் இத்தாலியோட கடலோரத்துல கிடைச்சவை. பக்கத்து வீட்டுல இருந்து வாங்கினதுன்னு நினைக்க எல்லா ஆதாரமும் இருக்கு. அதனால ஒரு ஜீனை வச்சு மட்டும் "இவர் இன்னார் சொந்தம்"னு மரம் வரைஞ்சா தப்பாப் போகும்.

மூணாவது காசு பாக்குற விஷயம். மாவைக் கரைக்க எப்படியும் 100 டிகிரி பக்கம் சூடு பண்ணணும், சாதாரண என்சைம் அங்க வெந்துடும். ஜிஹெச்57 பிராஞ்சிங் என்சைம் அந்தச் சூட்டுலயும் கிளை விடும், கிளை நெருக்கமா ஆக ஆக நம்ம குடல் என்சைம் அதை வெட்ட நேரம் எடுக்கும், சர்க்கரை மெதுவா ரத்தத்துல ஏறும். இந்த மாதிரி மெதுவாச் செரிக்கிற மாவு பண்ணுற ஆராய்ச்சியில இந்தக் குடும்ப என்சைம்களுக்கு இப்போ நல்ல கிராக்கி. ஆனா இங்கயும் அதே பழைய பிரச்சனை: டேட்டாபேஸ்ல ஜிஹெச்57னு தேடி, "அமைலேஸ்"னு பேர் போட்டிருக்குற ஜீனை ஆர்டர் பண்ணிச் செஞ்சு பாத்தா, கையில வர்றது வெட்டுறதா, ஒட்டுறதா, கிளை விடுறதான்னு மாவோட கலந்து பாக்குற வரைக்கும் தெரியாது.